‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று சொல்லிக்கொண்டே அடுத்த வருடத் திட்டத்தை எப்படி எழுதுவது?

லிந்துலை_ஜெபக்குழு

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். எங்கள் ஜெபக்குழுவில் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, அடுத்த வருடத்துக்கான திட்டத்தை ஒரு தாளில் எழுதச் சொல்லலாம் என்று யோசனை. கிடைத்த காணியில் அத்திவாரம் போடுவது, உயர்தரம் முடித்த பிள்ளையின் அடுத்த படி, வெளிநாட்டு வேலை, கடன். பெரும்பாலும் இவைதான் வரும்.

பேச்சை எடுத்ததுமே குழு ரெண்டுபட்டுப் போகிறது. "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்னு வேதத்திலேயே இருக்கு, எழுதி வைக்கிறது அவிசுவாசம்" என்று ஒரு பக்கம். "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லி, வராத காசை நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறவர்கள் மறுபக்கம். வேத ஆதாரமும் வேணும், தாளில் என்ன எழுதுவது என்ற விவரமும் வேணும். கோயில், பள்ளிவாசல் பக்கம் உள்ளவங்களும் சொல்லுங்க. தேயிலைத் தோட்ட லயத்தில எல்லாருக்கும் கஷ்டம் ஒண்ணுதானே.

வேதபாட_அண்ணன்

முதலில் யாக்கோபு 4:13 முதல் 16 வரை சேர்த்து வாசியுங்கள். 15ஆம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுப்பதால்தான் பாதிக் குழப்பம். அங்கே கடிந்துகொள்ளப்படுகிறவர்கள் வியாபாரிகள். எந்த நாள் புறப்படுவது, எந்தப் பட்டணம், எத்தனை காலம் தங்குவது, என்ன தொழில், எவ்வளவு லாபம் என்று எல்லாவற்றையும் தங்கள் கையில் இருப்பதுபோலப் பேசினார்கள். திட்டம் போட்டதை யாக்கோபு குற்றம் சொல்லவில்லை. 16ஆம் வசனத்தில் அவர் குற்றத்துக்குப் பெயர் வைக்கிறார்: வீம்பு, மேன்மைபாராட்டல். அவர் தரும் மாற்று வாக்கியமும் திட்டத்தோடுதான் முடிகிறது: "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்." 'இன்னின்னது' என்று சொல்ல ஒரு திட்டம் இருக்க வேண்டுமே.

மத்தேயு 6 கவலையைப் பற்றியது. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14:28ல் கேட்டவரும் அதே ஆண்டவர்தான். யோசேப்பு ஏழு வருட விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைக்கச் சொன்னது பார்வோன் கண்ட சொப்பனத்தை நம்பாததால் அல்ல, நம்பினதால்.

இன்னொன்று. எரேமியா 29:11ஐ எல்லா வீட்டுச் சுவரிலும் பார்க்கிறோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எழுதிய கடிதம். விடுதலைக்கு எழுபது வருடம் ஆகும் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. அதற்கும் முன்னால் 5ஆம் வசனம், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது. ஆக, அந்த வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொள்கிறவர் நீண்ட காலத்துக்கு வேலை செய்ய ஆயத்தமாக இருக்க வேண்டும். ஜனவரியில் சொல்லி மார்ச்சில் எதிர்பார்ப்பதற்கு அந்த வசனம் இடம் தரவில்லை.

பொகவந்தலாவை_கணக்கு

அண்ணன் சொன்னதுக்கு மேலே நான் கணக்கை மட்டும் சொல்றேன். 'சித்தமானால்'ங்கிற வார்த்தை வாயில இருந்தா போதாது, கணக்குலயும் அதுக்கு ஒரு இடம் இருக்கணும். தாளைப் பார்த்தாலே இந்தக் குடும்பம் நாளையைத் தன் கையில வச்சிருக்கிறதா நினைக்குதா, இல்ல கடவுள்கிட்ட விட்டிருக்குதான்னு தெரிஞ்சுடும்.

கடைசி பன்னிரண்டு மாசச் சம்பளத் துண்டையும் எடுத்து வைங்க. அதுல ஆகக் குறைஞ்ச மாசம் எதுன்னு பாருங்க. திட்டம் அந்த மாசத்துல நிக்கணும். எல்லாரும் நல்லா கொழுந்து வந்த மாசத்தை வச்சுத்தான் தவணை பேசுறாங்க, தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. உதாரணத்துக்கு 2024ல வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாயை எடுக்குறேன், கூடியிருந்தா எண்ணை மாத்திக்குங்க. 20 நாள் வேலைன்னா 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 போக 24,840. மழையில, காய்ச்சல்ல, 13 நாள்தான் பேர் விழுந்ததுன்னா 17,550. 1,404 போக 16,146. முற்பணம், சங்கச் சந்தா, தேத்தூள், தீபாவளி முற்பணத் தவணை எல்லாம் இன்னும் கழியணும். 24,840ஐ நம்பி எடுத்த கடனை இந்த மாசம் எப்படிக் கட்டுறது? அடகு வைக்கிறது, இல்லாட்டி இன்னொரு கடன். ஆண்டவர் இந்த வருஷம் பன்னிரண்டு மாசமும் நிறைய வேலை தருவார்னு அவர் பேர்ல நாமே வாக்குக் குடுத்துட்டோம்னுதானே அர்த்தம்? அண்ணன் சொன்ன வீம்பு இதுதான்.

தாளில் ஒவ்வொரு காரியத்துக்கும் நாலு விஷயம் எழுதுங்க. என்ன செய்யப்போறோம், யார், எந்தத் தேதிக்குள்ள. எவ்வளவு வரைக்கும் செலவு, அதுக்கு மேல ஒரு ரூபாயும் இல்ல. இது நடக்க யார் யார் கையெழுத்து, எந்தச் சீசன், என்ன உடல் சுகம் வேணும், அதாவது நம்ம கையில இல்லாதது. நடக்காட்டி அடுத்து என்ன. மூணாவதை எழுதும்போதுதான் ஜெபம் எதுக்குன்னு தெளிவா தெரியும். "எல்லாத்தையும் ஆசீர்வதியும்"னு பொதுவா கேக்குறதை விட, "காணிப் பத்திரம் இந்த மாசத்துக்குள்ள வரணும்"னு பேர் சொல்லிக் கேக்கலாம்.

முழு வீட்டையும் ஒரே மூச்சா எழுதாதீங்க. அத்திவாரம் மட்டும் ஒரு படி. அதுல நின்னாலும் நட்டமில்லாம நிக்கிற மாதிரி. சுவரைப் பாதியில விட்டா ரெண்டு மழைக்காலத்துல பிளொக் கல்லு பாசி பிடிச்சுப் போயிடும். சீமெந்தை முன்கூட்டி வாங்கி வைக்கவே வேணாம். நம்ம குளிர்ல, ஈரத்துல, தரையோட தரையா வச்ச மூட்டை சீக்கிரமே கட்டியாயிடும்.

மஸ்கெலியா_மாரியம்மன்_தெரு

சைவப் பக்கத்திலிருந்து. ஔவையாரின் நல்வழியில் இதற்கென்றே ஒரு பாட்டு உண்டு: "ஒன்றை நினைக்கின் அதுஒழிந்திட் டொன்றாகும்" என்று தொடங்கி "எனையாளும் ஈசன் செயல்" என்று முடியும். நினைத்தது போய் வேறு வரலாம், நினைத்ததே வரலாம், நினையாததும் முன்வந்து நிற்கலாம் என்று மூன்று வழியையும் சொல்கிறது. நினைக்காதே என்று மட்டும் சொல்லவில்லை. கீதையின் 18ஆம் அத்தியாயம் 14ஆம் சுலோகம் ஒரு செயல் நிறைவேற ஐந்து காரணம் சொல்கிறது: இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சி, ஐந்தாவதாகத் தெய்வம். முதல் நாலையும் விட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் குறை சொல்வது எப்படிச் சரி?

தோட்டங்களில் பூப்போட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்தால் சம்மதம் என்று முதலிலேயே வேண்டிக்கொள்வது முறை. கெட்டுப்போவது மூன்று இடத்தில். முடிவை முன்பே எடுத்துவிட்டு அம்மனிடம் ஒப்புக்குக் கேட்பது ஒன்று. விரும்பிய பூ வரும்வரை திரும்பத் திரும்பப் போடுவது ஒன்று. மூன்றாவது ஆக மோசமானது: "இந்த மேட்டில் வீடு கட்டலாமா" என்று கேட்பது. மண் நிற்குமா சரியுமா என்று பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. இரண்டு வழியும் நல்லதாக இருக்கிறது, ஆராய வேண்டியதை எல்லாம் ஆராய்ந்தாயிற்று, மனம் மட்டும் நிலைகொள்ளவில்லை என்ற இடத்தில்தான் பூவுக்கு வேலை.

வேதபாட_அண்ணன்

மஸ்கெலியா ஐயா சொன்னது எங்களுக்கும் பொருந்தும். புதுவருட ஆராதனையில் எடுக்கும், வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை நம்மில் பலர் அப்படித்தான் பாவிக்கிறோம். அந்த அட்டை வருடம் முழுதும் தியானிக்க. எந்த முகவரிடம் பாஸ்போட்டைக் கொடுப்பது என்று அது சொல்லாது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கிற பழக்கமும் இதே வகை. கிதியோன் கடவுளிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைப் போட்டது உண்மைதான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நியாயாதிபதிகள் 6:14லேயே அவனுக்குத் தெளிவாகச் சொல்லியாயிற்று, தோல் 36ஆம் வசனத்துக்குப் பிறகுதான் வருகிறது.

நாவலப்பிட்டி_நானா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட பக்கம் 'இன்ஷா அல்லாஹ்' சொல்லச் சொல்லி குர்ஆன்ல சூரத்துல் கஹ்ஃப் 23, 24ஆம் வசனங்கள்ல நேரடியாவே இருக்கு: நாளைக்கு இதைச் செய்வேன்னு, அல்லாஹ் நாடினால்ங்கிறதைச் சேர்க்காம சொல்லாதீங்க. சிலர் அதை, வர விருப்பமில்லாத கலியாணத்துக்குச் சாக்காச் சொல்றாங்க. அது அந்த வார்த்தைக்கே செய்ற அநியாயம்.

ஒட்டகத்தைக் கட்டிட்டு தவக்குல், அதாவது அல்லாஹ்மேல நம்பிக்கை, வைங்கன்னு திர்மிதியில வர்ற ஹதீஸ் எல்லாருக்கும் தெரியும். நல்ல வழியைக் கேட்டுத் தொழுற இஸ்திகாராவைப் பத்தித்தான் தவறான எண்ணம் கூட. ரெண்டு ரக்அத் நபில் (உபரித் தொழுகை) தொழுது, துஆவுல அந்தக் காரியத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, "இது என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் முடிவுக்கும் நல்லதுன்னா லேசாக்கித் தா, கெட்டதுன்னா இதை என்னை விட்டும் என்னை இதை விட்டும் திருப்பிடு"ன்னு கேக்கிறது. கனவு வரணும்னு அந்த ஹதீஸ்ல இல்ல. தெரிஞ்சவங்ககிட்ட ஆலோசனை கேட்டு, ஒரு பக்கம் மனசு சாய்ஞ்ச பிறகு தொழுதுட்டு, வேலையைத் தொடங்குங்க.

கணக்கு அக்கா கடனைச் சொன்னாங்க. குர்ஆன்ல ஆக நீளமான வசனமே, பகரா 282, கடனை எழுதிவைக்கச் சொல்ற வசனம்தான். தவணையைக் குறிச்சு, நியாயமா எழுதுற ஆளை வச்சு, சாட்சியோட, சின்னத் தொகையானாலும் சலிக்காம எழுதுங்கன்னு இருக்கு. சொந்தக்காரங்க, தங்கச்சி மாப்பிள்ளைன்னு பார்த்து எழுதாம குடுக்கிறதுலதான் குடும்பமே பிரியுது. எழுதிவைக்கிறது அவிசுவாசம்னு சொல்றவங்களுக்கு இதைக் காட்டுங்க.

ஊவா_மழை

வீடு, காணி என்று வந்தால் இதையும் தாளில் சேர்க்க வேண்டும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போனது, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலையகம் முழுதும் நடந்தது, இரண்டையும் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் "விதி எங்க இருந்தாலும் வரும்" என்று சரிவில் படுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நீதிமொழிகள் 22:3 விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான் என்கிறது.

கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேளுங்கள். பிரதேச சபையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். கட்டியாயிற்று, அல்லது லயத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால் மழையை அளக்கப் பழகுங்கள். அந்த நிறுவனத்தின் எல்லைகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 என்றால் வெளியேறியே ஆக வேண்டும். ஒரு மணித்தியாலத்திலேயே 75 விழுந்தாலும் வெளியேற வேண்டும்.

அளவி செய்ய, பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்று போதும். நடுவில் வளைவோ வரியோ உள்ளது சரிவராது. கழுத்து விரிந்து முடியும் இடத்துக்குக் கீழே வெட்டுங்கள். வெட்டிய மேல்பாகத்தைக் கவிழ்த்து உள்ளே புனல்போல் வைத்தால் நீர் ஆவியாவது குறையும். அடி மேடுபள்ளமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, அடி நேராகும் மட்டம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அங்கிருந்து மேலே பாடசாலை அடிமட்டத்தை வைத்து மில்லிமீற்றர் குறியுங்கள். வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் கோட்டில் காண்பதே மழையின் அளவு. மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, ஒரு கம்பில் கட்டுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவிட்டு, பூச்சியக் கோட்டுக்குத் திரும்ப ஊற்றிவிடுங்கள். கடும் மழையில் மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

மழை அளவு எட்டாவிட்டாலும் இவை தெரிந்தால் அங்கே நிற்காதீர்கள்: நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்வது, கதவு திடீரென இறுகுவது, ஊற்று கலங்கி வருவது, புது ஊற்று கிளம்புவது, ஓடின ஊற்று நின்றுபோவது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

யார் பாட்டியைத் தூக்குவது, எந்தப் பாதை, எந்தப் பாடசாலை அல்லது கோயில் என்று வெயில் காலத்திலேயே எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு அதைப் பேசினால் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். நெகேமியா 4:9ல் ஜெபம்பண்ணினார்கள், ஜாமக்காரரையும் வைத்தார்கள். ஒன்றுக்காக மற்றதை விடவில்லை.

பண்டாரவளை_வாசகி

ஒரு கேள்வி. எல்லாத்தையும் இப்படிக் கோடு போட்டு எழுதிட்டா, கடவுள் வழி மாத்தினா எப்படித் தெரியும்? ஒரு காரியம் தடைப்பட்டா அது "வேணாம்"னு அர்த்தமா, "விடாம முயற்சி செய்"னு அர்த்தமா? உயர்தரம் ஒருதரம் சரிவராத பிள்ளைகிட்ட "ஆண்டவர் சித்தம் இல்ல"ன்னு சொல்லி வீட்டோட நிப்பாட்டிடுறாங்க.

வேதபாட_அண்ணன்

நல்ல கேள்வி, தங்கச்சி. அப்போஸ்தலர் 16:6 முதல் 10 வரை பாருங்கள். ஆசியாவில் வசனம் சொல்லப் பவுல் தடுக்கப்படுகிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதுவும் விடப்படவில்லை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியா தரிசனம். வழி மாறியதை அவர் நடந்துகொண்டிருந்ததால்தான் அறிந்தார். புறப்படாமலே இருந்தவருக்குத் தடை ஏது? ரோமர் 15ல் ஸ்பானியாவுக்குப் போகும் எண்ணத்தையும் எழுதுகிறார். போய்ச் சேர்ந்தாரா என்று வேதத்தில் இல்லை. அதற்காக அந்தத் திட்டத்தை அவிசுவாசம் என்று யாரும் சொல்வதில்லை.

கொட்டகலை_சேர்

பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. இத்தனை வாசல் திறந்திருக்கும்போது முதல் தடவையிலேயே சித்தம் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

முதல் தடவை எழுதும்போதே தாளில் குறியுங்கள்: இரண்டாம் தடவை எழுதுவதா, எழுதினால் எந்தப் பாடத்தில் எந்த மாற்றம், அதற்கிடையில் என்ன. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி போன்றவற்றுக்கான வர்த்தமானி அறிவித்தல் எப்போது வருகிறது என்று பார்க்கும் பொறுப்பு வீட்டில் யாருடையது? தொழில்சார் பயிற்சியில் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) எந்த மட்டம் வரை? பெறுபேறு வந்த அன்றைக்கு இதைப் பேசினால் கண்ணீரும் கோபமும்தான் பேசும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியே ஆகவேண்டும். பஸ் காசு இல்லாததால் நின்ற பிள்ளைக்குத் தேவை பஸ் காசு. அதற்குக் 'கடவுள் சித்தம்' என்று பெயர் வைப்பது கடவுளின் மேல் பழி போடுவது. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் நம் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இங்கேயும் என்று பங்கு பிரித்தது. மனிதர் போட்ட கையெழுத்துகள் அவை. 2003இல் சட்டம் கொண்டுவந்து மிச்சத்தைச் சரிசெய்யவும் மனிதர்தான் உழைக்கவேண்டி இருந்தது. தாளின் மூன்றாவது பகுதியில், 'நம் கையில் இல்லாதது' என்று எழுதும் இடத்தில், கடவுளிடம் விடவேண்டியதையும் ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்கவேண்டியதையும் ஒரே வரியில் கலக்காதீர்கள்.

பொகவந்தலாவை_கணக்கு

சேர் சொன்னது நூத்துக்கு நூறு. மூணாவதை ரெண்டா பிரிச்சு எழுதலாம்.

யாக்கோபு "உயிரோடிருந்தால்"னும் சொல்லியிருக்கார், அதை யாரும் திட்டத்துல சேர்க்கிறதில்ல. சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளி யார்னு பதிஞ்சிருக்கா? பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, அடையாள அட்டையில ஒரு பேரு, தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோல்ல இன்னொரு பேரு இருக்கிறது தோட்டத்துல சாதாரணம். ஆள் போன பிறகு சத்தியக்கடதாசி தேடி அலையுறதை விட, இருக்கும்போதே திருத்துங்க. சேமலாப நிதி பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயசுல எடுக்கலாம். பணிக்கொடைக்குக் குறைஞ்சது 5 வருஷச் சேவை வேணும், நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். 25 வருஷம்னா 350 நாள், 1,350 படி 4,72,500. இந்தக் காசு கைக்கு வரும்முன்னே மகன் கலியாணத்துக்குன்னு சொல்லிக் கடன் வாங்குறதுதான் வழக்கமா நடக்கிற பிழை.

வெளிநாடு போறவங்க முகவரோட அனுமதி இலக்கத்தை வேலைவாய்ப்புப் பணியகத்துல, 1989க்கு அடிச்சு, காசு குடுக்கும் முன்னே கேளுங்க. திரும்பி வர்ற மாசத்தையும், பிள்ளையை யார் பாடசாலைக்கு அனுப்புறதுங்கிறதையும் தாள்ல எழுதாம டிக்கெட் எடுக்காதீங்க.

லிந்துலை_ஜெபக்குழு

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு கேள்வி மிச்சம். எங்கள் குழுவில் சில அக்காமார் நுண்கடனில் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். "சகோதரிக்கு உதவி, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று இன்னும் ஒரு கடனுக்குக் கையெழுத்து வைக்கப் போகிறார்கள். என்ன சொல்வது?

வேதபாட_அண்ணன்

நீதிமொழிகள் 6:1 முதல் 5 வரை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டவன் தூங்கக்கூட வேண்டாம், போய்த் தன்னைத் தாழ்த்தி, வருந்திக் கேட்டுத் தன்னைத் தப்புவித்துக்கொள்ளட்டும் என்கிறது. புதிய கையெழுத்து வேண்டாம். உதவி என்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்துவிடட்டும்.

பொகவந்தலாவை_கணக்கு

ஏற்கெனவே வச்ச கையெழுத்துக்கு: யாருக்கு, எவ்வளவு மீதி, வாரத் தவணை எவ்வளவு, எந்தத் தேதியில முடியுதுன்னு நாலு பேரும் ஒரே தாள்ல எழுதுங்க. ஆகக் குறைஞ்ச மாசக் கணக்குல யாருக்கு முதல்ல இடிக்கும்னு அதுலயே தெரியும். அவங்க தவணை தவற முன்னாடியே எல்லாருமா கடன் குடுத்த இடத்துக்குப் போய், தவணையைச் சின்னதாக்கிக் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்க. ஒத்துக்கிட்டா அதையும் எழுத்துல வாங்குங்க. வாய்ப்பேச்சோட வீட்டுக்கு வராதீங்க.